களைப்புக்காரி

காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போவதற்குள் சாரதாம்பாள் அன்றைய முதல் பொய்யைச் சொன்னாள்.

"என்னங்க, கால் வலிக்குது. செத்த உக்காரலாமா?"

முன்னால் போய்க்கொண்டிருந்த கருணாகரன் நின்றான். உடனே திரும்பவில்லை. சட்டை ஒட்டியிருந்த முதுகு சில தடவை ஏறி இறங்கியது. அதற்கப்புறம்தான் சிரித்த முகமாகத் திரும்பினான்.

"அதுக்குள்ளயா? இன்னும் அருவிச் சத்தமே கேக்கலயே."

"எனக்கு முடியலைங்க."

"சரி, உக்காரு. மகாராணிக்குன்னு ஒரு மரத்தையே சாச்சு வச்சிருக்கான் பாரு."

பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவளுக்குக் கால் வலிக்கவில்லை. பதின்மூன்று வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள் அவள். இரண்டு வாளி நிறையப் பாலைத் தோளில் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர் வரைக்கும் தூக்கிப் போன கால்களுக்கு இந்தப் பாதை ஒரு பாதையே இல்லை. கருணாகரன் குனிந்து பூட்ஸில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்தான். அட்டை எதுவும் இல்லை, ஆனாலும் வெகு நேரம் பார்த்தான். அவள் பாதையோரம் ஓடிய ஓடையைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ உரசுகிற அந்த மெல்லிய சத்தம் அடங்கிய பிறகு எழுந்தாள்.

"இப்பப் பரவால்லைங்க. போலாம்."

கருணாகரனுக்கு நில அளவை இலாகாவில் சங்கிலி பிடிக்கிற வேலை. கேட்பவர்களுக்கு அது சின்ன வேலையாகத் தெரியும். அவன் அப்படி நினைத்ததில்லை. கோடு என்று ஒன்றைப் போட்டுவிட்டால் அது வளையாது என்பான். குறுக்கே சதுப்பு இருந்தால் சதுப்பில் இறங்க வேண்டும், பாறை இருந்தால் பாறையில் ஏற வேண்டும். முன்னால் பாராங் கத்தி பிடித்தவர்கள் புதரை வெட்டிக்கொண்டு போவார்கள், அவர்கள் பின்னால் இரும்புச் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு இவன் போவான். இவன் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். அவனால் யாரும் நின்றதில்லை என்பதுதான் அவனுடைய பெருமை. கோட்டை விட்டு விலகாமல் நடந்த அந்த ஆளை ஒரு நாள் இருமல் பிடித்தது. இருமல் ரத்தமானது. ஒரு வருஷத்துக்கு மேல் சானடோரியத்தில் கிடந்து, ஊசி குத்தாத இடம் உடம்பில் இல்லை என்று ஆன பிறகு, இப்போதுதான் காஜா பேராங்கில் இருக்கிற வாடகை வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தான்.

வியாதி போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒரு பக்கத்து நுரையீரல் பழையபடி ஆகாது என்றும் சொன்னார். இலாகா ஆபீசர் நல்ல மனுஷர். முடிவை அவனிடமே விட்டுவிட்டார். பழைய கும்பலோடு காட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் டவுன் ஆபீஸ் ஸ்டோரில் உட்கார்ந்து எல்லை குறிக்கிற முளைக்குச்சியும் சாயமும் எடுத்துக் கொடுக்கிற வேலை இருக்கிறது. திங்கட்கிழமை வந்து சொன்னால் போதும்.

கும்பல் போகப்போவது பகாங் உள்காட்டுக்கு. அங்கே புதுக் குடியேற்றத்துக்காக நிலம் அளக்கிறார்கள். இவனுடைய இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் தியாகு பிடித்து வைத்திருந்தான். தியாகுவும் சங்கிலிக்காரன்தான், இவனுக்குக் கூட்டாளி. ஒரு நாள் வீட்டுக்கு வந்து கோப்பி குடித்தபோது, போன வருஷம் காய்ச்சல் கண்ட ஒரு ஆளைச் சாரோங்கில் தொட்டில் கட்டித் தூக்கி வந்த கதையை அவன்தான் சொன்னான். சடக்கு ரோட்டை வந்து தொடும்போது தொட்டிலில் உயிர் இல்லையாம். சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டான். சாரதாம்பாள் இன்னும் அந்தக் கதையை விட்டு வெளியே வரவில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை கருணாகரன், "கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒன்ன எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கேனா? ஞாயித்துக்கெழம அசாகான் போவோம். அருவியப் பாத்துட்டு அப்படியே லேடாங் மலைல கொஞ்சம் ஏறிட்டு வருவோம், ஜாலியா" என்றபோது, அது எதற்கான பயணம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்கலாம். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

விடிகாலையில் புறப்படும்போது பக்கத்து வீட்டு அஞ்சலை தன் மகளின் கேன்வாஸ் சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மூணு வருசம் கழிச்சுத் தேனெலவாக்கும்? அதுவும் அட்டக் கடி வாங்கிக்கிட்டு!"

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாதான்லா இருக்கேன். சப்பாத்து பத்திரம், நாளைக்கிப் புள்ள பள்ளிக்கூடம் போவணும்."

ஜாசினில் பஸ் மாறி, அசாகானில் இறங்கி, கோப்பிக் கடையில் ஆளுக்கு ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் வெயில் கிடையாது. வெளிச்சமே பச்சையாகத்தான் இறங்கியது. நேற்றுப் பெய்த மழை இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சில்வண்டுகள் ஓயாமல் இரைந்தன. வேர்கள் படிக்கட்டு மாதிரிக் குறுக்கே ஓடின, அவற்றின் மேல் பாசி. காற்று ஈரத்துணியை மூக்கில் வைத்தது போலக் கனத்தது. அந்தக் காற்றை ஒரு நெஞ்சு எப்படி உள்ளே இழுக்கும் என்ற யோசனையிலேயே அவள் நடந்தாள். பிரம்பு முள் புடவையைப் பிடித்து இழுத்தபோதுதான் காலடியைப் பார்த்தாள்.

அருவியைச் சேர்வதற்குள் அவள் இன்னும் பல தடவை களைத்துப் போனாள். ஒரு தடவை தாகம் என்றாள். ஒரு தடவை சப்பாத்து கடிக்கிறது என்று கழற்றி உதறிப் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை தலை சுற்றுகிறது என்றே சொல்லிவிட்டு, அது அதிகமோ என்று பயந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் கேலி செய்தான், ஆனால் உடனே உட்கார்ந்தான். உட்காரும்போது அவன் தோள் தளர்ந்து இறங்குவதைப் பார்த்து, நல்ல வேளை, சரியான நேரத்தில் சொன்னோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அருவி பெரிதில்லை. பாறை மேல் வழுக்கிக்கொண்டு வந்து கீழே குட்டையாகத் தேங்கியது. தட்டைப் பாறையில் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். புளிச்சோறும் நெத்திலிச் சம்பாலும். சம்பால் வாசனைக்கு எங்கிருந்தோ எறும்புகள் வந்து சேர்ந்தன.

"எமர்ஜென்சி நேரத்துல இந்தப் பொட்டலத்தோட காட்டுக்குள்ள வந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றான் கருணாகரன். "காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்குச் சோறு கொண்டு போறியான்னு புடிச்சு உள்ள போட்டிருப்பான்."

"என்னயவா?"

"ஒன்னயத்தான். சமைச்சவ நீதானே? எனக்கென்ன, வழி காட்ட வந்தேன்னு சொல்லிடுவேன்."

அவள் சிரித்தாள். முகம் கழுவி வந்திருந்ததால் அவன் முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. நல்ல ஆளாகத்தான் இருக்கிறான் என்று ஒரு நிமிஷம் அவளே நம்பிவிட்டாள்.

அப்போது மேலிருந்து ஒரு மலாய்க்காரர் இறங்கி வந்தார். தோளில் கனத்த பெத்தாய்க் காய்க் கொத்துகள். குட்டையில் முகத்தை நனைத்துக்கொண்டு, உச்சிக்கா போகிறீர்கள் என்று மலாயில் விசாரித்தார்.

"போகலாம் என்றுதான் வந்தேன், பாக் சிக்," என்று கருணாகரனும் மலாயிலேயே, மாமா முறை வைத்துச் சொன்னான். "என் பெண்சாதிதான் நடக்க மாட்டேன் என்கிறாள். பத்தடிக்கு ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறது."

அவர் சாரதாம்பாளை மேலும் கீழும் பார்த்தார். "பாவம். அடுத்த தடவை வீட்டில் விட்டுவிட்டு வா," என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கொத்துகளைத் தூக்கிக்கொண்டு போனார். கருணாகரனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அவளுக்குப் பயம் வந்தது அதனால்தான்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் பாதி மல ஏறியிருப்பேன், சாரதா," என்றான், இலையை மடித்தபடி. "கோவிச்சுக்காத. ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல, வீட்டுக்குள்ளயே கெடந்துட்ட. ஆனா ஒன்னு கவனிச்சியா? காலைலேர்ந்து ஒரு தடவயாச்சும் நான் உக்காரணும்னு கேட்டேனா?"

அவள் சிந்திய சோற்றை எறும்புகள் பக்கம் தள்ளினாள்.

"கேட்டேனா, சொல்லு?"

"இல்ல."

"அவ்வளவுதான். நாளைக்கு ஆபீசர்கிட்டப் போயி, காட்டு வேலைக்கே போறேன்னு சொல்லிடப் போறேன். தியாகுவும் எத்தன நாள் எடத்தப் புடிச்சு வச்சிக்கிட்டு இருப்பான்? ஒனக்குப் பயம், எனக்குத் தெரியும். அதான் ஒன்னயே கூட்டியாந்தேன். நீயே பாத்துட்டல்ல? இனிமே பயப்படாத."

சாரதாம்பாள் பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் சொன்ன ஒவ்வொரு பொய்யும் இவனைப் பகாங் காட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. இப்போது உண்மையைச் சொல்லலாம். உன்னால் முடியாது, நான் நடித்தேன் என்று சொல்லலாம். சொன்னால் நம்புவானா? நம்ப மாட்டான். காட்டுக்கு அனுப்பாமல் இருக்க இவள் கட்டுகிற கதை என்பான். நேற்று வரைக்கும் முடியும் என்பது வெறும் பேச்சாக இருந்தது. இன்று அவன் கால் சொன்னதாக ஆகிவிட்டது.

அவள் எழுந்து புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கி இடுப்பில் சொருகினாள்.

"மேல போலாங்க."

"ஒனக்கு முடியுமா?"

"சாப்பிட்டதுல தெம்பு வந்திருச்சு. நான் முன்னால போறேன்."

அருவிக்கு மேலே பாதை நிமிர்ந்தது. அவள் வேகமாக ஏறவில்லை. பால் வாளியோடு ஏறுகிற நடைதான், நிற்காத நடை. கை வைக்கிற இடத்தில் கை வைத்து, வேரில் கால் வைத்து, அடுத்த வேருக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவாள்.

பின்னால் பூட்ஸ் சத்தம் முதலில் ஒட்டிக்கொண்டே வந்தது. பிறகு இடைவெளி விழுந்தது.

"சாரதா! தண்ணி குடிக்கலயா?"

"வேணாங்க."

இன்னும் கொஞ்சம் ஏறினாள்.

"ஏய், இங்க வந்து பாரேன். ஊங்காக் கொரங்கு கத்துது மரத்துல."

"காதுல விழுதுங்க."

"பாத்துட்டுப் போ புள்ள!"

"எறங்கறப்பப் பாத்துக்கறேன்."

அடுத்த வளைவில் அவன் குரல் மெலிந்துவிட்டிருந்தது. "கால் வலிக்கலயா ஒனக்கு?"

"இல்லைங்க." கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது. வேர் இரண்டாகத் தெரிந்தது. கேளுங்க, ஒரே ஒரு தடவை, உட்காரலாம் என்று கேளுங்க என்று மனசுக்குள் அவனிடம் கெஞ்சிக்கொண்டே அவள் கால் எடுத்து வைத்தாள். அவன் கேட்கவில்லை. மூச்சு இப்போது அவளுக்கே நன்றாகக் கேட்டது. பழைய கதவைத் திறந்து திறந்து மூடுவது போல. பிறகு ஒரு வேர் முறிகிற சத்தம். அதன் பிறகு பூட்ஸ் சத்தமே இல்லை.

அவள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள்.

கருணாகரன் ஒரு மரத்தடியில், வேர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட வைக்கப்பட்டிருந்தான் என்று சொல்லலாம். உதடு வெளுத்திருந்தது. கைக்குட்டையை வாயில் பொத்தி இருமினான், இருமல் நின்றதும் அதை விரித்துப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வெறும் எச்சில்தான்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அவன் கேட்டான்.

"காலைல நடிச்சியா?"

"ஆமாங்க."

"எல்லாமா? தல சுத்துச்சுன்னியே?"

"அதுவுந்தான்."

அவன் எதிரே இருந்த பாசியைப் பார்த்தபடி யோசித்தான். அவள் பயந்துகொண்டிருந்த யோசனை அதுதான்.

"போன மாசம் கோயிலுக்குப் போறப்ப, சடக்கு மேட்டுல செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு நின்ன."

அவள் தலை குனிந்தாள்.

"அறுந்துச்சா, இல்லயா?"

"அறுந்துச்சு. நான்தான் அறுத்தேன்."

"பசார்ல, மீன்காரன்கிட்ட அவ்வளவு நேரம் பேரம் பேசுனியே?"

"நீங்க தூண்ல சாஞ்சுக்கிட்டு இருந்தீங்க."

கருணாகரன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து நீ என்னயக் கைக்கொழந்த மாதிரி நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்க. நான் என்னடான்னா ஒருத்தன்கிட்ட, பொண்டாட்டிக்கு நடக்க முடியலன்னு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறேன். எனக்குன்னு இருந்தது ஒன்னே ஒன்னு, சாரதா. நடப்பேன். அதையும் நீயே குடுத்து, நீயே புடுங்கிட்ட."

"உசுரு இருந்தாத்தானே நடக்கறது?"

"வாய மூடு."

அவள் மூடிக்கொண்டாள். ஓலை மாதிரி ஒரு பெரிய இலை எங்கோ மேலிருந்து கிளைகளில் தட்டித் தட்டி விழுந்தது. மழை வருகிற மாதிரி வெளிச்சம் மங்கியது. அவன் மரத்தைப் பிடித்து எழுந்து, அவள் நீட்டிய கையைப் பார்க்காதவன் போலக் கீழே இறங்க ஆரம்பித்தான்.

இறங்குவது மெதுவாகத்தான் நடந்தது. அவன் நின்றபோது அவள் நின்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உக்காரணும்" என்று ஒரு சொல் சொன்னபோது உட்கார்ந்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, தானும் ஒரு காரணமும் சொல்லவில்லை. அருவியைத் தாண்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை, ஆனால் விடுகிற மழையும் இல்லை.

காட்டின் விளிம்பு தெரிகிற இடத்தில், அதற்கு அப்பால் ரப்பர் மரங்கள் வரிசையாகத் தெரிகிற இடத்தில், சாரதாம்பாளின் கால்கள் நின்றுவிட்டன. அவள் நிறுத்தவில்லை. அடுத்த அடியை எடுத்து வைக்கச் சொன்னாள், அவை வைக்கவில்லை.

"என்னங்க," என்றாள். "எனக்கு முடியல."

கருணாகரன் விருட்டென்று திரும்பினான். "போதும்லா! இன்னும் என்ன நடிப்பு? எனக்கு உக்காரணும்னா நானே சொல்றேன். வாய் இருக்கு எனக்கு."

"இல்லைங்க. நெஜமாவே."

"நெஜமா!"

அவள் பதில் பேசாமல், சேறு என்றும் பார்க்காமல், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலை மகளின் சப்பாத்து செம்மண்ணில் புதைந்தது. மழைத்தண்ணீர் நெற்றியிலிருந்து கண்ணுக்குள் ஓடியது, துடைக்கக் கையைத் தூக்கத் தோன்றவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு பார்வை நாளிலும் இரண்டு பஸ் மாறிச் சானடோரியத்துக்குப் போனது, திரும்பி வந்து கூலிக்கு ஊர்த் துணியெல்லாம் வெளுத்துப் போட்டது, அவன் வந்த பிறகு ராத்திரியெல்லாம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது, எல்லாம் இந்த இடத்தில் வந்து சேரட்டும் என்று காத்திருந்தது போல ஒன்றாக வந்து அவள் மேல் உட்கார்ந்தன.

கருணாகரன் அவளைப் பார்த்தான். முதலில் கோபத்தோடு, ஒரு பொய்யைப் பிடிக்கிறவனாகப் பார்த்தான். பிறகு குனிந்து பார்த்தான். கன்னத்து எலும்பு இவ்வளவு தெரிகிறதே, இது எப்போதிருந்து என்று கேட்பவன் போல அவன் பார்வை அவள் முகத்தில் நின்றது.

அவனும் சேற்றில் உட்கார்ந்தான்.

இருவர் மேலும் மழை ஒரே மாதிரி பெய்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன், "ஸ்டோர்ல நாற்காலி உண்டு" என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். "ஜன்னல் கெடையாது. சாய நாத்தம். நாள் பூரா உக்காந்துக்கிட்டே இருக்கணும்."

"ம்."

"நாளைக்குப் போயிச் சொல்லிடறேன். தியாகுகிட்ட நீ ஒன்னும் சொல்லாத, நானே சொல்லிக்கறேன்."

அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அவன் குரலில் எதுவோ படுத்துவிட்டிருந்தது. அது எழுந்திருக்க எத்தனை நாள் ஆகுமோ, எழுந்திருக்கவே செய்யாதோ, அவளுக்குத் தெரியவில்லை. தூக்கி எழுப்பப் புதிதாக ஒரு பொய் சொல்லலாமா என்று பழக்கத்தில் மனசு தேடியது. அவளுக்கு அதற்கும் தெம்பில்லை.

சடக்குப் பக்கமிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எழுந்து ஓடினால் பிடித்துவிடலாம். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் முனகி, கியர் மாறி, தூரத்தில் தேய்ந்து போயிற்று.

"அடுத்த பஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா ஜாசின் வரைக்கும் நடதான்."

சொல்லி முடித்ததும் அவன் வாய் கோணியது. அவள் வாயும் கோணியது. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அவன் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அது நிற்கும்வரை அவள் வேறு எங்கும் பார்க்காமல், அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.